ஓரமாப் போ

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பிள்ளையிடம் வாசல்வரை வந்து அம்மாக்கள் சொல்வது ஒன்றுதான்: "ஓரமாப் போ." டிபன் பாக்ஸ் கொடுக்க மறந்தாலும் இதைச் சொல்ல மறக்க மாட்டார்கள். இரண்டே சொல். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதற்குள் சாலையைப் பற்றிய ஒரு பாகப்பிரிவினையே இருக்கிறது. நடு வண்டிக்கு, ஓரம் ஆளுக்கு. நடுவில் உனக்குப் பங்கு கிடையாது, கேட்காதே. ஓரம் உன்னுடையது, அதில் போகிறவரை உன்னை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள்.

அந்த ஓரம் இப்போது எங்கே போயிற்று என்று தேடிப் பார்க்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். அது என்னை 1850கள்வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

திமிரி தெரியாதவர்களுக்கு: ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் பேரூராட்சி. முன்பு வட ஆற்காடு மாவட்டம், பிறகு வேலூர், 2019லிருந்து ராணிப்பேட்டை மாவட்டம். விவசாயமும் உண்டு, ஆனால் சுற்றுவட்டாரத்தின் நேரத்தைத் தீர்மானிப்பது தோல் தொழில். காலையில் ஷூ கம்பெனி வேன்கள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றன. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அதற்குப் பிறகு தாங்களே தலை வாரிக்கொண்டு, தம்பி தங்கச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு, நடந்தே பள்ளிக்கூடம் போகிறார்கள். "ஓரமாப் போ" என்று சொல்லவேண்டிய அம்மா அந்நேரம் வேனில் இருப்பார்.

ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத் தெரு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் ஊரிலும் அப்படித்தான். கேட்டை ஒட்டி ஸ்கூட்டிகள் ஒரு வரிசை. அதற்கு வெளியே, இடம் கிடைக்காமல் இரண்டாவது வரிசை. எதிர்ப்பக்கம் டீக்கடைக்கு வந்தவர்களின் பைக்குகள், சைடு ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரம் தெருவைப் பார்த்தபடி. நடுவில் திரும்ப முடியாமல் ரிவர்ஸ் எடுக்கும் ஒரு ஸ்கூல் வேன். கால்வாய் மேல் போட்ட சிலாப்தான் எங்கள் ஊரில் நடைபாதை. அதன்மேல் மளிகைக்கடை மூட்டையும் இரண்டு டிவிஎஸ்ஸும். ஆக, நடந்து வருகிற பிள்ளைகளுக்கு மிச்சம் இருப்பது நட்டநடு ரோடுதான்.

நான் ஒருமுறை ஒருத்தரிடம் கேட்டேன். "ஏம்பா, பிள்ளைங்க நடக்கிற எடம், கொஞ்சம் தள்ளி வுடக்கூடாதா?"

"ரெண்டு நிமிஷம்ணா. கொழந்தய வுட்டுட்டு எட்த்துடுவேன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. சொல்லப்போனால் தன் பிள்ளையை ரோட்டில் நடக்கவிடப் பயந்துதான் வண்டியில் கொண்டுவந்து விடுகிறார். அந்தப் பயத்தை உண்டாக்குவதில் அவருடைய வண்டிக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

*

அந்த "ரெண்டு நிமிஷம்" என்ற வாதத்துக்குப் பதில் ஏற்கெனவே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. மோட்டார் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே.

மெட்ராஸ் மாகாணத்துக்கு 1859லேயே தனியாக மாவட்டப் போலீஸ் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவின் மற்ற பகுதிகள் பலவற்றுக்கு 1861ல் வந்தது. அந்த 1861 சட்டத்தின் 34ஆம் பிரிவு தெருவில் செய்யக்கூடாதவற்றைப் பட்டியல் போடுகிறது. குடித்துவிட்டுக் கலாட்டா செய்வது, குதிரையை வெறித்தனமாக ஓட்டுவது ஆகியவற்றோடு இதுவும் ஒன்று: சரக்கு ஏற்றி இறக்கவும், ஆளை ஏற்றி இறக்கவும் தேவைப்படும் நேரத்துக்கு மேல் வண்டியையோ மாட்டையோ தெருவில் நிறுத்தி வைப்பது, மக்களுக்கு இடைஞ்சலோ ஆபத்தோ உண்டாகும்படி வண்டியை விட்டுவிட்டுப் போவது. தண்டனை 50 ரூபாய்வரை அபராதம், அல்லது எட்டு நாள்வரை சிறை.

கவனியுங்கள், இறக்கிவிடும் நேரத்தைச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த ரெண்டு நிமிஷம் உண்டு. ஆனால் அந்த ரெண்டு நிமிஷத்திலும் அடுத்தவருக்கு ஆபத்தாக நிறுத்தக்கூடாது என்று அடுத்த வரியிலேயே சேர்த்துவிடுகிறது. இது மாட்டுவண்டிக்காரரை மனதில் வைத்து எழுதியது.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 1860ல், இந்தியத் தண்டனைச் சட்டம். அதன் 283ஆம் பிரிவு பொதுவழியில் தடை உண்டாக்குகிறவருக்கு 200 ரூபாய்வரை அபராதம் விதிக்கிறது. அன்றைக்கு 200 ரூபாயைக் கூலிக்காரர் ஒருவர் மொத்தமாகக் கண்ணால் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. வேடிக்கை என்னவென்றால் அந்த 200 அப்படியே நின்றது. சுதந்திரம் வந்தது, அணா போய் நயா பைசா வந்தது, பவுன் விலை எங்கோ போனது. பொதுவழியை அடைப்பதன் உச்சபட்ச விலை மட்டும் 200 ரூபாயாகவே இருந்தது. 2024 ஜூலை 1ஆம் தேதி பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தபோதுதான், அதன் 285ஆம் பிரிவில் அது 5,000 ரூபாய் ஆனது. இடைப்பட்ட 160 சொச்சம் வருடங்களில் வண்டி நிறுத்துவது கொஞ்சம் கொஞ்சமாக இலவசமாகிக்கொண்டே வந்திருக்கிறது என்று சொல்லலாம். ரூபாயின் மதிப்பு விழுந்த அளவுக்கு ஓரத்தின் மதிப்பும் விழுந்தது.

இதில் எங்கள் ஊர்க்காரனாக எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் உண்டு, சொல்லிவிடுகிறேன். தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவு 1837ல் மெக்காலே தலைமையில் தயாரானது. அதே மெக்காலே 1840ல் ராபர்ட் கிளைவ் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் திமிரி வருகிறது, 'டைமரி' என்கிற மாதிரி எழுத்துக்கூட்டலில். 1751ல் ஆற்காட்டைப் பிடித்த கிளைவ், செப்டம்பர் முதல் வாரத்தில் இரண்டு தடவை திமிரிக் கோட்டைப் பக்கம் வந்து மோதிவிட்டுப் போனார். முற்றுகை முடிந்த பிறகு நவம்பரில் கோட்டையைப் பிடித்தார். மெக்காலே திமிரியை நேரில் பார்த்தாரா என்பது வேறு விஷயம். எங்கள் ஊர் பெயரை எழுதிய ஒருவர், தெருவை அடைப்பவனுக்குத் தண்டனை சொல்லும் சட்டத்துக்கும் கையைக் கொடுத்திருக்கிறார். (கிளைவின் சிப்பாய்கள் ஆற்காட்டிலிருந்து நடந்துதான் வந்தார்கள். ஓரமாகவா நடுவிலா என்று தெரியாது.)

*

சரி, அந்தக் காலத்தில் வண்டியை எங்கேதான் நிறுத்தினார்கள்?

பதில் எங்கள் வட்டாரத்து ஊர்ப் பெயர்களிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை. பேட்டை என்றால் சரக்கு வந்து இறங்குகிற, சந்தை கூடுகிற இடம். நெடுந்தூரம் வரும் வண்டிகள் மாட்டை அவிழ்த்து, தண்ணி காட்டி, ராத்திரி தங்கிப் போகிற இடம். 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை ரயில் வந்தது, தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை. தண்டவாளத்துக்குச் சரக்கைக் கொண்டுசேர்க்க வண்டி வேண்டும். வண்டி கூடினால் அது நிற்க இடம் வேண்டும். 1866ல் தொடங்கிய வாலாஜாபேட்டை நகராட்சி, தமிழ்நாட்டின் மிகப் பழைய நகராட்சிகளில் ஒன்று. வண்டியை ஒழுங்குபடுத்துவது அந்தக் கால நகராட்சிகளுக்குக் குப்பை அள்ளுவதுபோல அடிப்படை வேலை.

மெட்ராஸ் மாகாணத்தின் உள்ளாட்சிச் சட்டங்களைப் புரட்டினால் வண்டிப்பேட்டை திரும்பத் திரும்ப வருகிறது. உள்ளாட்சி வண்டிப்பேட்டை அமைக்கலாம், அதற்குக் கட்டணம் வசூலிக்கலாம், வசூலைக் குத்தகைக்கு விடலாம். எனக்குப் பிடித்தது அதற்கடுத்த ஏற்பாடு: பேட்டை அமைத்துக் கொடுத்துவிட்டால், அதைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் எந்தப் பொது இடத்தையும், தெருவின் ஓரத்தையும், வண்டி நிறுத்தும் இடமாகப் பயன்படுத்தக்கூடாது என்று தடைவிதிக்கலாம்.

தெருவின் ஓரம். சட்டம் அதைப் பெயர்சொல்லிக் காப்பாற்றியிருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் அழகு, அது வண்டிக்காரரை எதிரியாகப் பார்க்கவில்லை. உனக்கு ஒரு இடம் தருகிறேன், காசு கொடு, ஆனால் அந்த ஓரத்தை விட்டுடு என்கிற பேரம். அப்போது வண்டிகளுக்கு வரியும் இருந்தது. பின்னால் வந்த சைக்கிளுக்கும் வரி கட்டி உலோக வில்லை வாங்கி மாட்டியதை வீட்டில் தாத்தாக்கள் இருந்தால் கேட்டுப்பாருங்கள். ராத்திரி லைட் இல்லாமல் போனாலும், டபுள்ஸ் அடித்தாலும் பிடித்து ஃபைன் போட்ட கதையும் கூடவே வரும். மாட்டுவண்டியும் சைக்கிளும் தெருவைப் பயன்படுத்த ஊருக்குக் காசு கொடுத்த வாகனங்கள். இன்றைய பைக் வாங்கும்போது கட்டும் சாலை வரி மாநில அரசுக்குப் போகிறது. அது தினமும் நிற்கிற தெருவைப் பராமரிக்கும் பேரூராட்சியின் கல்லாவுக்கு நேரே வருவதில்லை.

வண்டிப்பேட்டை ஒரேயடியாக மறைந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் இரண்டு சக்கர வண்டி ஸ்டாண்டு அதன் வாரிசுதான். இப்போதும் வருஷா வருஷம் ஏலம் விடுகிறார்கள். ஆனால் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கும் தெரு ஓரத்தில் நிறுத்தத் தடை என்ற பாதியை யாரும் கண்டுகொள்வதில்லை. ஸ்டாண்டுக்கு வெளியே, அதன் சுவரை ஒட்டியே, இலவசமாக முப்பது வண்டி நிற்கிறது. ஏலம் எடுத்தவர் என்ன செய்வார், பாவம்.

*

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்தப் பழைய தெரு ஏதோ பொற்காலத் தெரு போலத் தெரியும். அப்படி இல்லை. ஓரமும் நடுவும் யாருக்கு என்று பேசும் முன், தெருவே யாருக்கு என்ற கேள்வி இந்த நாட்டில் இருந்தது.

1924 மார்ச் 30ஆம் தேதி வைக்கத்தில் சத்தியாகிரகம் தொடங்கியபோது கேட்கப்பட்டது கோயில் நுழைவுகூட இல்லை. கோயிலைச் சுற்றியிருந்த சாலைகளில் நடக்கும் உரிமை. பெரியார் ஈரோட்டிலிருந்து போய்ச் சிறை சென்றது அதற்காக. அதே 1924ல் மெட்ராஸ் சட்டமன்றக் கவுன்சிலில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுச்சாலை, தெரு, கிணறு, பொதுக் கட்டடம் எல்லாவற்றையும் ஒடுக்கப்பட்ட மக்கள் எந்தத் தடையுமின்றிப் பயன்படுத்தலாம். தீர்மானம் நிறைவேறியது. தெருவில் நடக்கலாம் என்று சொல்வதற்கே அரசாங்கம் தீர்மானம் போடவேண்டியிருந்தது. போட்ட பிறகும் எத்தனை ஊர்களில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கச் சொன்னார்கள் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. செருப்புத் தைக்கும் தோலும் ஷூவும் ஏற்றுமதியாகும் இந்தப் பகுதியில் அந்த வரலாறு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும்.

பைக்கை நடைபாதையில் நிறுத்துவதையும் அந்தக் கொடுமையையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் நூறு வருடத்துக்கு முன்னால் போராடித் தெருவுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்றும் நடந்துதான் பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த தெருவில் நடக்கத்தான் இடம் இல்லை. இந்தமுறை யாரும் "போகாதே" என்று சொல்வதில்லை. வண்டி நிற்கிறது, அவ்வளவுதான். சுற்றிப் போக வேண்டியது அவர்கள்.

*

ஓரம் எப்போது கைமாறியது என்று ஒரு வருடத்தைச் சொல்லச் சொன்னால் நான் 1980 என்பேன். ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்த வருடம்.

அதுவரை சிற்றூரின் வாகனம் சைக்கிள். சொந்த சைக்கிள் இல்லாதவருக்கு மணிக்கணக்கில் வாடகை சைக்கிள். சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கும், ஓரத்தில் ஒரு சாண் எடுத்துக்கொள்ளும். மிஞ்சிப்போனால் தூக்கி வைத்துவிட்டு நடக்கலாம். ஸ்கூட்டர் இருந்தது, ஆனால் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாத்தியார் வீடு, வங்கி ஊழியர் வீடு என்று தெருவுக்கு ஒன்று. டிவிஎஸ் 50 அதை உடைத்தது. பால்கேன், அரிசி மூட்டை, மூன்று பிள்ளைகள், எல்லாவற்றையும் அது ஏற்றிக்கொண்டது. 1984ல் இண்ட் சுசுகி, 1985ல் ஹீரோ ஹோண்டா சிடி 100. தோல் தொழிலில் கொஞ்சம் காசு பார்த்த குடும்பங்கள் முதலில் வாங்கியது இவற்றைத்தான். அதில் எந்தத் தப்பும் இல்லை. பஸ் வராத கிராமத்திலிருந்து ஷிப்டுக்குப் போகிறவருக்கு அந்த வண்டி ஒரு விடுதலை.

ஆனால் மாட்டுவண்டிக்குப் பேட்டை கட்டிய ஊர்கள், மோட்டார் வண்டிக்கு ஒன்றும் கட்டவில்லை. தெரு அகலம் அப்படியே இருந்தது. பள்ளிக்கூடங்கள் பிள்ளைகள் நடந்து வருவார்கள் என்ற கணக்கில் கட்டியவை. காமராஜர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில் ஊருக்கு ஊர் பள்ளி திறந்ததன் அடிப்படையே அதுதான்: குழந்தையின் காலுக்கு எட்டும் தூரத்தில் பள்ளி. அதே எண்ணம்தான் 2009 கல்வி உரிமைச் சட்டத்திலும் வந்தது. 2010ல் வந்த மத்திய விதிகள், ஐந்தாம் வகுப்புவரை ஒரு கிலோமீட்டர், எட்டாம் வகுப்புவரை மூன்று கிலோமீட்டர் நடைதூரத்துக்குள் பள்ளி வேண்டும் என்கின்றன. நடைதூரம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். தூரத்தை அளந்தவர்கள் அந்தத் தூரத்தை எதன்மேல் நடப்பது என்று எழுதவில்லை.

எதன்மேல்? இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு சாலை அமைப்பதற்கான வழிகாட்டிகளை வெளியிடுகிறது. பாதசாரிகளுக்கான 103ஆம் எண் வழிகாட்டி 2012ல் திருத்தப்பட்டது. நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்கவேண்டும், உயரம் 150 மில்லிமீட்டருக்கு மிகக்கூடாது என்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்கிப்போகும் அகலம் அது. திமிரி அளவு ஊர்களில் கால்வாய்ச் சிலாப்தான் நடைபாதை என்று சொன்னேன். தமிழில் இதற்குப் பிளாட்பாரம் என்று பேர் வைத்திருக்கிறோம், ரயில் வந்து நிற்கும் இடத்துக்கு வைத்த அதே பேர். ஏதாவது ஒன்று வந்து நிற்கும் இடம் என்று மனதில் பதிந்துவிட்டதோ என்னவோ.

*

சட்டம் மோட்டாரைப் பார்க்காமல் இல்லை. 1914ல் ஒன்று, 1939ல் ஒன்று, 1988ல் இப்போதிருக்கும் மோட்டார் வாகனச் சட்டம். 1988 சட்டத்தின் 122ஆம் பிரிவு ஆபத்தாகவோ இடைஞ்சலாகவோ வண்டியை விட்டுப்போவதைத் தடைசெய்கிறது. 127ஆம் பிரிவு அதை இழுத்துக்கொண்டு போக அனுமதிக்கிறது.

இவற்றைவிட முக்கியம் 1989ல் வந்த சாலை விதிமுறைகள். அதன் 15ஆவது விதி எங்கெல்லாம் வண்டி நிறுத்தக்கூடாது என்று வரிசையாகச் சொல்கிறது. நடைபாதைமேல் கூடாது. பாதசாரிகள் கடக்கும் இடத்தருகே கூடாது. நிற்கிற இன்னொரு வண்டிக்கு இணையாக இரண்டாவது வரிசை கூடாது. பஸ் நிறுத்தம், பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி வாசல் அருகே கூடாது.

பள்ளிக்கூட வாசல் என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள்! இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. ஏனென்றால் யாரைக் கேட்டாலும் வரும் பதில்: "நோ பார்க்கிங் போர்டு இல்லையே சார்." போர்டு வேண்டியதே இல்லை. அந்த வாசலே போர்டு. 2017ல் இந்த விதிமுறைகளுக்குப் பதிலாகப் புதிய ஓட்டுநர் விதிமுறைகள் வந்தன. நடைபாதைமேல் நிறுத்துவது அதிலும் தடைதான்.

அபராதம்? பொதுவான விதிமீறலுக்கான 177ஆம் பிரிவில் முதல் தடவை 100, அடுத்த தடவை 300 என்று இருந்தது. 2019 திருத்தத்தில் 500, 1,500 ஆனது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து நடைமுறை. 500 ரூபாய் எங்கள் ஊரில் சின்னக் காசு இல்லை. ஆனால் போடுவது யார்? மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. கிளைத் தெரு பேரூராட்சியுடையது. கேஸ் போடவேண்டியது போலீஸ். ஹெல்மெட் செக்கிங்குக்கே ஆள் போதாது. பள்ளியின் அதிகாரம் கேட்டோடு முடிகிறது. நாலு பேருக்கும் நடுவில் இருக்கிற இரண்டு அடி ஓரம் யாருடைய கணக்கிலும் வராது. ஹெட்மாஸ்டர் ஒருவரே வாசலில் நின்று வண்டிகளைத் தள்ளி விடச்சொல்லிக் கையாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பிரேயர் பெல் அடித்ததும் அவர் உள்ளே போய்விடுவார்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பள்ளி வாசலில் கூடை வைத்துக் கொய்யாப்பழமும் இலந்தை வடையும் விற்கும் பாட்டியைப் பற்றி இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் எவ்வளவோ யோசித்திருக்கிறது. 1985ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், வாழ்வாதாரமும் வாழும் உரிமைதான் என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் நடைபாதை நடப்பவர்களுக்கே என்று சொல்லி, முறைப்படி அப்புறப்படுத்த அனுமதித்தது. 1989ல் டெல்லி வியாபாரிகளின் வழக்கு. 2014ல் தெரு வியாபாரிகளுக்கென்றே சட்டம்: கணக்கெடுப்பு, சான்றிதழ், விற்பனைக் குழு, விற்கலாம் என்ற பகுதி, கூடாது என்ற பகுதி. பாட்டியின் கூடை நடைபாதையில் உட்கார இத்தனை வேண்டும். பக்கத்தில் நிற்கும் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பைக்குக்கு ஒன்றும் வேண்டாம். ஆக்கிரமிப்பு அகற்றம் என்று வந்தால் கூடை போகும், பைக்கை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. பிள்ளைகள் கூடையைச் சுற்றி நடந்துவிடுவார்கள். இன்னும் சொன்னால், பாட்டி இருக்கும் இடம்தான் அந்தத் தெருவிலேயே பத்திரமான இடம். யாராவது வேகமாக வந்தால் அவர் போடும் சத்தத்தில் வண்டி தானாக நின்றுவிடும்.

*

வேறு ஊர்களில் இதற்கு என்ன செய்தார்கள்? எல்லாமே பணக்கார நாட்டுக் கதையாக முடியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நெதர்லாந்து இன்று சைக்கிள் சொர்க்கம். 1971ல் அங்கே சாலையில் செத்தவர்கள் 3,000க்கும் மேல், அதில் நூற்றுக்கணக்கில் குழந்தைகள். பள்ளிக்குப் போகும் வழியில் மகளைப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர் 1972ல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது. தமிழில் சொன்னால் 'குழந்தைக் கொலையை நிறுத்து'. பெற்றோர்கள் பிள்ளைகளோடு தெருவில் உட்கார்ந்தார்கள். ஜப்பானில் 1962லிருந்து கார் வாங்க வேண்டுமென்றால் அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்டவேண்டும், நம் வண்டிப்பேட்டையை ஒவ்வொரு வீட்டிலும் கட்டச் சொன்ன மாதிரி. அங்கே ஆறு வயதுப் பிள்ளைகள் கூட்டமாகத் தாங்களே நடந்து பள்ளிக்குப் போவதை வியந்து வீடியோ போடுகிறோம். எங்கள் ஊரிலும் ஆறு வயதுப் பிள்ளைகள் தாங்களேதான் போகிறார்கள்; யாரும் வீடியோ எடுப்பதில்லை.

சென்னை மாநகராட்சி 2014ல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தது. போய்ப் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. ஷாப்பிங் பண்ணுகிற நடைக்குக் கிடைத்தது பள்ளிக்கூடம் போகிற நடைக்கும் வரட்டும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் வழியாகத்தான் இந்த விஷயம் டெல்லிவரை போயிருக்கிறது. கோயம்புத்தூர் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012ல் சாலைப் பாதுகாப்பு குறித்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். உடைந்து வரும் கை கால்களை ஒட்டவைப்பதே தொழிலாகக் கொண்டவர், உடைகிற இடத்தைப் பற்றிக் கேட்டார். 2014ல் அந்த வழக்கில்தான் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அதே வழக்கில் 2025 மே 14ஆம் தேதி நீதிமன்றம் சொன்னது: தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் ஒரு பகுதி; மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைத்து, ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும். அந்த உத்தரவுக்குப் பின்னால் இருக்கும் எண்ணிக்கை லேசானது இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடம் தமிழ்நாடுதான் முதல் இடம்: 64,105.

இரட்டைமலை சீனிவாசனின் தீர்மானத்துக்கும் இந்த உத்தரவுக்கும் நடுவில் 101 வருடம். அதில் தெருவில் நடக்கலாம் என்றார்கள், இதில் நடக்க இடம் விடு என்கிறார்கள்.

*

முடியாத காரியம் என்று சொல்கிறவர்களிடம் நான் தேரைக் காட்டுவேன். வட ஆற்காட்டில் தேர் ஓடும் எந்த ஊரிலாவது முந்தின நாள் சாயங்காலம் போய் நின்று பாருங்கள். மாட வீதிகளின் அகலமே தேருக்காக வைத்ததுதான். நாலு மூலையிலும் அது திரும்பவேண்டும். மைக் கட்டிய ஆட்டோ ஒன்று சுற்றிவரும். "தேர் வர்ற வழி, வண்டிய எட்த்துடுங்க." போலீஸ் லேசாகத் தலையைக் காட்டும். அவ்வளவுதான். ஒருத்தரும் ரெண்டு நிமிஷம் என்று சொல்வதில்லை. பைக்குகள், தட்டுவண்டிகள், நாலு வருஷமாக நகராத ஒரு பழைய அம்பாசிடர்கூட, எல்லாம் எங்கேயோ போய்விடும். வாசலில் நீட்டியிருக்கும் ஓலைக் கொட்டகையைக் கடைக்காரரே பிரித்துவிடுவார். காலையில் பார்த்தால் வீதி இரண்டு மடங்கு அகலமாக இருக்கும். சிலாப் தெரியும். வீடுகளின் படிக்கட்டு தெரியும். பிள்ளைகள் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, வீதியின் முழு அகலத்துக்கும் வரிசையாக நடப்பார்கள்.

தேர் நிலைக்கு வந்துசேர மத்தியானம் ஆகிவிடும். முட்டுக்கட்டையை எடுத்து ஓரம் வைப்பார்கள். அதன் பக்கத்திலேயே முதல் ஸ்கூட்டி வந்து நிற்கும்.